வெட்டத் தெரிந்தவர் எப்போது சர்ஜன் ஆனார்?

பழுப்புப்பக்கம்:

மருத்துவ வரலாற்றுப் புத்தகம் எதைப் புரட்டினாலும் ஒரே வரிசைதான். காலன் என்ற பழைய கிரேக்க மருத்துவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதியதை ஆயிரம் ஆண்டுக்கு மேல் வேதவாக்காக வைத்திருந்தார்கள். 1543இல் பதுவா பல்கலைக்கழகத்தின் 28 வயது வெசாலியஸ், மனித உடலையே அறுத்துப் பார்த்துப் படங்களோடு பெரிய புத்தகம் போட்டார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு அல்ல, ஒன்றுதான் என்பது முதல் ஏகப்பட்ட திருத்தங்கள். அன்றோடு அறுவை மருத்துவம் அறிவியல் ஆகிவிட்டது. சுபம்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. ஈதர் கொடுத்து மயக்கிச் செய்த அறுவையை பாஸ்டனில் ஊரறியக் காட்டியது 1846 அக்டோபரில். லிஸ்டர் என்ற சர்ஜன், புண்ணில் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் பற்றி எழுதியது 1867இல். வெசாலியஸிலிருந்து கணக்குப் போட்டால் 300 ஆண்டுக்கு மேல். அதுவரை நோயாளி அலறினார், நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள், பிழைத்தால் சீழ் பிடித்தது. உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் இந்த 300 ஆண்டில் நோயாளிக்கு என்ன லாபம்? 'அடிப்படை அறிவு முக்கியம்' என்ற மாதிரி பொத்தாம்பொதுவான பதில் வேண்டாம்.

தையல்நூல்:

நான் ஓய்வு பெற்ற சர்ஜன். நீளமாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெசாலியஸை ஓரமாக வையுங்கள். சிறுநீர்ப்பைக் கல்லை எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட வந்த நோய் இது. வலி தாங்காமல் கத்திக்குச் சம்மதிப்பார்கள். ஹிப்பாக்ரடீஸ் உறுதிமொழியே 'கல்லுக்காகக் கத்தி வைக்க மாட்டேன், அதைச் செய்பவர்களிடம் விட்டுவிடுவேன்' என்கிறது. செய்பவர்கள் யார்? ஊர் ஊராகப் போகிறவர்கள். வெட்டி, கல்லை எடுத்து, காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுவார்கள். நோயாளி ஒரு வாரம் கழித்துச் செத்தாரா என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

1697இல் அப்படி ஒருவர் பாரிஸ் வந்தார். ஃப்ரேர் ஜாக் என்று பெயர். எந்த மடத்தையும் சேராதவர், ஆனால் துறவி உடை. ஆசனவாய்க்கும் விரைப்பைக்கும் நடுவே, நடுக்கோட்டில் வெட்டாமல் பக்கவாட்டில் வெட்டுவார். சட்டென்று கல் வெளியே வரும். அரண்மனை வரை பேச்சாகிவிட்டது. அடுத்த ஆண்டு பாரிஸ் மருத்துவமனைகளில் செய்ய விட்டார்கள். ஏறக்குறைய 60 பேருக்குச் செய்ததில் 25 பேர் வரை இறந்தார்கள்.

இவர் ஊரை விட்டுப் போவதற்குள் பிணங்கள் மேசைக்கு வந்துவிட்டன என்பதுதான் முக்கியம். ஜான் மெரி என்ற சர்ஜன் அவற்றைத் திறந்து பார்த்தார். சிலருக்குச் சிறுநீர்ப்பை இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. சிலருக்கு மலக்குடல் ஓட்டை. பெண்களுக்குப் பிறப்புறுப்பின் சுவர் கிழிந்திருந்தது. மெரி இதை 1700இல் அச்சிலும் போட்டார்.

கல் எடுக்கும்போது சிறுநீர்ப் பாதை வழியாக ஒரு வளைந்த கம்பியைப் பைக்குள் செலுத்துவார்கள். மற்றவர்களுடைய கம்பியில் முதுகு நெடுக ஒரு பள்ளம் ஓடும். கத்தி முனை அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டால், அதன் போக்கிலேயே போய் நேராகப் பைக்குள் இறங்கும். ஃப்ரேர் ஜாக்கின் கம்பி வழவழவென்று உருண்டை. கத்தி எந்தப் பக்கமும் வழுக்கும். அடியில் மலக்குடல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

அரசவை மருத்துவர்கள் அவரை உடற்கூறு படிக்கச் சொன்னார்கள். படித்தார், பள்ளம் உள்ள கம்பிக்கு மாறினார். 1701இல் வெர்சாயில் 38 பேருக்குச் செய்து ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று பதிவு இருக்கிறது. அதே ஆள், அதே கை. மயக்க மருந்தும் இல்லை, கார்பாலிக்கும் இல்லை.

குமரித்துறை:

ஐயா, எல்லாம் சரி, பாரிஸ் வரை போக வேண்டுமா? கல் எடுக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. பிரேதத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் தண்ணீரில் ஏழு இரவு ஊறப்போட்டு, வேர், மூங்கில் தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்துத் தோலிலிருந்து உள்ளே வரை கண்ணால் பார்க்கச் சொல்கிறார். இதையும் பார்க்காதவன் கத்தியைத் தொடக் கூடாது என்பதே அவர் கட்சி. வெசாலியஸின் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால்!

ஓலைக்கட்டு:

குமரித்துறை சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அதை வைத்து அவர் வர நினைக்கும் இடம் வேறு. மூக்கு ஒட்டும் அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். திப்புவின் ஆட்களிடம் மூக்கை இழந்த கவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, புனே பக்கம் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்தார். 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற லண்டன் சர்ஜன், தானும் செய்து 1816இல் புத்தகம் எழுதினார். இங்கே செய்தவர் வைத்தியரே அல்ல, குயவர் குலத்துக்காரர் என்கிறார்கள். ஆக, கைவேலை பரம்பரையாகத் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது. பிரேதத்தை ஊறப்போட்டுப் பார்க்கும் வழக்கம் அப்படித் தொடர்ந்ததற்குத் தடயம் சொற்பம். சம்ஹிதை சொன்ன அந்தப் பாதி நின்றுபோய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிரேதத்தில் கத்தி வைத்த மதுசூதன் குப்தா ஆயுர்வேதம் படித்தவர். சுஸ்ருத சம்ஹிதையை அச்சுக்குக் கொண்டுவந்ததும் அவரே. சாஸ்திரம் தெரியாமல் அல்ல, தெரிந்துதான் கத்தியை எடுத்திருக்கிறார்.

பழுப்புப்பக்கத்தின் கேள்விக்கு என் பங்குக்குக் கண்புரை. ஊசியால் புரையைத் தள்ளிவிடும் வைத்தியம் இங்கேயும் அங்கேயும் 2000 ஆண்டு நடந்தது. பலருக்குப் பார்வையும் கிடைத்தது. ஆனால் எதைத் தள்ளுகிறோம் என்பதே ஐரோப்பியர்களுக்குத் தெரியாது. லென்ஸுக்கு முன்னால் படர்ந்த ஒரு படலம் என்று நினைத்தார்கள். 1705இல் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்துபோன ஒரு சிப்பாயின் புரை விழுந்த கண்ணை அறுத்துப் பார்த்தார். படலமும் இல்லை, ஒன்றும் இல்லை. கலங்கிப் போனது லென்ஸேதான். பாரிஸ் அகாடமி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட பிறகுதான், கலங்கிய லென்ஸை உள்ளே தள்ளுவானேன், வெளியே எடுத்துவிடலாமே என்ற எண்ணத்துக்கு இடம் வந்தது. 1750 வாக்கில் தாவியேல் என்ற பிரெஞ்சு சர்ஜன் அதைச் செய்துகாட்டினார். தள்ளிவிடுகிறவரின் கை எவ்வளவு தேர்ந்தாலும், படலம் என்று நம்பும்வரை அவர் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

(தஞ்சை சரபோஜி மன்னர் கண் வைத்தியத்துக்கு வந்தவர்களின் விவரங்களைப் படத்தோடு எழுதி வைக்கச் சொன்னார். சரசுவதி மகாலில் இருக்கிறது. கண் பற்றிப் பேசினால் அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது.)

ஒத்தையடிப்பாதை:

கதைகள் நன்றாக இருக்கின்றன. ஒரு சந்தேகம். 60க்கு 25 செத்தார்கள், பிறகு 38க்கு ஒருவரும் சாகவில்லை என்பது, அரண்மனை வாசலில் நல்ல உடம்புக்காரர்களாகப் பொறுக்கி எடுத்ததாலும் இருக்கலாமே. அந்தக் காலத்துக் கணக்கை நம்பி அறிவியல் பிறந்தது என்று எழுத எனக்குக் கை வராது. அப்புறம், நாவிதர்களும் சர்ஜன்களும் ஒரே சங்கமாக இருந்த பார்பர் சர்ஜன்கள் 1540லேயே லண்டனில் ஆண்டுக்கு நாலு தூக்குத் தண்டனைப் பிணம் வாங்கி அறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் என்ன விஞ்ஞானிகள் ஆகிவிட்டார்களா?

தையல்நூல்:

இரண்டுமே நல்ல அடி. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

நாலு பிணம் என்பது சடங்கு. ஒருவர் மேடையில் புத்தகத்தை வாசிப்பார், இன்னொருவர் அறுப்பார், கூட்டம் பார்க்கும். மாணவன் கையில் கத்தி கிடையாது. லண்டனில் செசல்டன் என்பவர் 1711லிருந்து வீட்டில் வைத்துப் பாடம் நடத்தினார். தூக்கு மேடையிலிருந்து சொந்தமாகப் பிணம் வாங்கி, சங்கத்தின் வகுப்பு நேரத்திலேயே அறுத்துக் காட்டினார் என்று 1714இல் சங்கம் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அறுப்பது சங்கத்தின் ஏகபோகம். 1745இல் சர்ஜன்கள் நாவிதர்களைப் பிரிந்து தனிச் சங்கம் ஆனபோது, அந்தப் பிரிவினைக்கு முன்னால் நின்றவர்களில் செசல்டனும் ஒருவர். அந்த ஏகபோகம் உடைந்த கையோடு, 1746இல் வில்லியம் ஹண்டர் 'பாரிஸ் முறை' என்று விளம்பரம் செய்து பள்ளி தொடங்கினார். ஒவ்வொரு மாணவனும் தானே அறுக்கலாம். கூட்டம் அள்ளியது.

முதல் சந்தேகம், அதாவது கணக்கு. அதற்கும் இதே செசல்டன்தான் பதில். முதலில் அடிவயிற்றில் வெட்டிக் கல்லெடுத்துப் பார்த்தார், 1723இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிறகு அதைத் தானே கைவிட்டார். அடுத்து ஹாலந்தில் ராவ் என்பவர் ரகசியமாக வைத்திருந்த முறையைச் செய்து பார்த்தார் (ராவுக்கு மூலம் நம்ம ஃப்ரேர் ஜாக்). சிறுநீர் தளர்ந்த திசுக்களுக்குள் கசிந்து தேங்கிப் புண் வைத்தது. அதையும் விட்டார். 1727இல் பக்கவாட்டு வெட்டை, எந்த இடத்தில் ஆரம்பித்து எதை விலக்கி எங்கே முடிப்பது என்று தமக்கென்று வகுத்துக்கொண்டார். பயிற்சி இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அந்த ஒரு நிமிடம் நோயாளிக்கு எப்பேர்ப்பட்ட லாபம் என்று பழுப்புப்பக்கம் யோசித்துப் பார்க்கட்டும். வேகம் வந்தது, தேட வேண்டியதில்லை என்பதால்.

அவர் வெளியிட்ட கணக்கு: 213 பேர், இறந்தவர் 20. ஐம்பது ஐம்பதாகப் பிரித்தும், வயது வாரியாகவும் போட்டிருக்கிறார். பெரும்பாலோர் சிறுவர்கள், சிறுவர்கள் எளிதில் பிழைப்பார்கள் என்று ஒத்தையடிப்பாதை சொல்வதற்கு முன்னாலேயே அவருடைய அட்டவணை சொல்லிவிடுகிறது. ஊர் ஊராகப் போனவர்களிடம் இப்படி ஓர் அட்டவணையைப் பார்க்க முடியாது. என் கட்சி இதுதான்: உடற்கூறு கற்றதால் சர்ஜன் கைக்கு வழி தெரிந்தது பாதிதான். இறந்தவரைத் திறந்தால் அவன் செய்தது வெளியே தெரியும் என்ற நிலை வந்தது மறுபாதி. எனக்கு அந்த மறுபாதிதான் பெரிது.

முதலாண்டு_மாணவன்:

சார், கொஞ்சம் குறுக்கே வருகிறேன். இப்போது எங்களுக்கு டிசெக்‌ஷன் ஹாலில் தொடைதான் ஓடுகிறது. ஃபார்மலினில் கண் எரிய எரிய, தோலை உரித்து, கொழுப்பை ஃபோர்செப்ஸால் துளித்துளியாகப் பிய்த்தோம். தொடைக்குக் குறுக்கே நாடா மாதிரி ஒரு தசை ஓடுகிறது, சார்டோரியஸ். அதைத் தூக்கினால் கீழே ஒரு சுரங்கப்பாதை, அதற்குள் பெரிய தமனி. 'ஹண்டர்ஸ் கனால்' என்று மேடம் சொன்னார்கள். நீங்கள் சொன்ன ஹண்டர்தானா?

தையல்நூல்:

அவருடைய தம்பி, ஜான் ஹண்டர். அண்ணன் பள்ளிக்குப் பிணம் சேகரித்துக் கொடுத்து, அறுத்து அறுத்தே பத்து ஆண்டுக்கு மேல் கழித்தவர். உங்கள் மேசையில் இருக்கும் அந்தச் சுரங்கத்தில்தான், தம்பி, இந்த இழையின் உச்சக்கட்டமே இருக்கிறது.

முழங்காலுக்குப் பின்னால் தமனி பலவீனப்பட்டுப் பந்து மாதிரி வீங்கும். குதிரை வண்டி ஓட்டிகளுக்கு நிறைய வரும். வெடித்தால் ரத்தம் கொட்டிச் சாவு. அன்று இரண்டே வழி. தொடையோடு காலை எடுப்பது. அல்லது வீக்கத்தையே பிளந்து மேலும் கீழும் முடிச்சுப் போடுவது. இரண்டிலும் சாவு மலிவு.

ஹண்டர் இப்படி யோசித்தார்: வீக்கத்தை ஒட்டிய தமனிச் சுவரும் நோய் பிடித்ததுதான், அங்கே முடிச்சு நிற்காது. மேலே, ஆரோக்கியமான இடத்தில் கட்டினால்? கால் அழுகிவிடும் என்றார்கள். அழுகாது, பக்கத்துச் சின்னக் கிளைகள் விரிந்து பாரத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு. 1785 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 45 வயது வண்டிக்காரர் ஒருவருக்குத் தொடைச் சுரங்கத்தில் தமனியைத் தேடி எடுத்து நாலு கட்டுப் போட்டார். கால் சில்லிடவில்லை, மற்றக் காலைவிடச் சூடாகவே இருந்தது. சில வாரத்தில் வீட்டுக்குப் போய், மறுபடி வண்டி ஓட்டினார்.

1787இல் அந்த மனிதர் காய்ச்சலில் இறந்தார். ஹண்டர் எப்படியோ அந்தக் காலைக் கைப்பற்றி அறுத்துப் பார்த்தார். கட்டிய இடத்தில் தமனி அடைபட்டிருந்தது, வீக்கம் சுருங்கிக் கெட்டிப்பட்டிருந்தது. நோயாளி பிழைத்ததே போதும் என்று ஊர் ஒப்புக்கொண்ட பிறகும், தன் கணிப்பு எந்த வழியில் பலித்தது என்று திறந்து பார்க்கப் போயிருக்கிறார் பாருங்கள். ஊர் ஊராகப் போய்க் கல்லெடுத்தவர்கள் காலத்திலிருந்து இது எவ்வளவு தூரம்!

தாமரைக்கொல்லை:

டாக்டர், 'எப்படியோ கைப்பற்றி' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அந்த 'எப்படியோ'வுக்குள் எத்தனை பேர்? சார்லஸ் பர்ன் என்ற ஐரிஷ்காரர், ஏழடிக்கு மேல் உயரம். செத்த பிறகு ஹண்டர் கையில் சிக்கக் கூடாது, கடலில் போடுங்கள் என்று கெஞ்சினார். 1783இல் இறந்தார், ஹண்டர் ஆள் வைத்து உடலை வாங்கிவிட்டார். 200 ஆண்டுக்கு மேல் எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் நின்றது. 2023இல் அருங்காட்சியகத்தை மறுபடி திறந்தபோதுதான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் பிணம் என்றால் பிணம் எங்கிருந்து வரும்? கல்லறையிலிருந்து. எடின்பரோவில் பர்க், ஹேர் இரண்டு பேரும் 1828இல் தோண்டவே சோம்பல்பட்டு 16 பேரைக் கொன்று விற்றார்கள். பிறகு 1832இல், மருத்துவப் பள்ளிகளுக்குப் பிணம் கிடைக்க வழி செய்யும் சட்டம் வந்தது. யாருடைய உடல் போனது? ஏழை விடுதியில் செத்து, கேட்க ஆளில்லாதவர்களுடையது. பிணத்தை அறுப்பது அதுவரை கொலைக் குற்றவாளிக்கு விதித்த கூடுதல் தண்டனை, அப்புறம் அது ஏழையாகச் செத்தவருக்கு வந்தது.

நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் கொண்டாடும் அந்தப் பிண அறையே கொன்றிருக்கிறது. வியன்னாவில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். 1846இல் மாணவர் பிரிவில் நூற்றுக்குப் பதினொருவர் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள், மருத்துவச்சிகளிடம் மூவர்கூட இல்லை. மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு வார்டுக்கு வந்தார்கள். செம்மல்வைஸ் என்ற மருத்துவர் அவர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்த பிறகு சில வாரத்தில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

தையல்நூல்:

சிஸ்டர், பிணம் வந்த வழி பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற எனக்கு உரிமை இல்லை.

செம்மல்வைஸ் கதையில் மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். அவருக்கு அது எப்படிப் புலப்பட்டது? 1847இல் அவருடைய நண்பர் கொலெட்ச்கா பிணப் பரிசோதனையின்போது மாணவனின் கத்தி பட்டு, சில நாளில் இறந்தார். அவர் உடலைத் திறந்தபோது தெரிந்ததும், இறந்த தாய்மார்களின் உடலில் தெரிந்ததும் ஒன்றாகவே இருந்தன. பிண அறைதான் கொன்றது, பிண அறைதான் காட்டியும் கொடுத்தது. இதை நியாயமாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மேசையில் நடந்தன என்றுதான் சொல்கிறேன்.

ஒத்தையடிப்பாதை:

சிஸ்டர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் என் கட்சிதான் வலுக்கிறது. கிருமி தெரியாதவரை உடற்கூறு தெரிந்து பயன் அரைகுறைதான். லிஸ்டர் கார்பாலிக் பயன்படுத்துவதற்கு முன் கிளாஸ்கோவில் கை கால் எடுத்த 35 பேரில் 16 பேர் சாவு, பயன்படுத்திய பிறகு 40 பேரில் 6 பேர். இதுதான் அறிவியல். மற்றதெல்லாம் அதற்கு முந்தைய ஒத்திகை.

தையல்நூல்:

லிஸ்டர் வந்து வயிற்றைத் திறக்கலாம் என்று ஆன பிறகு, திறந்து என்ன செய்வது? அதை யார் சொன்னார்கள் என்று பார்ப்போம். வியன்னாவில் பில்ராத் என்ற சர்ஜன். அவருடைய உதவியாளர்கள் இருவர், வியன்னாவின் பிணப் பரிசோதனைப் பதிவேடுகளில் 60,000க்கும் மேற்பட்டவற்றைப் புரட்டினார்கள். வயிற்றுப் புற்றில் இறந்தவர்களில் கணிசமானவர்களுக்கு நோய் வேறெங்கும் பரவியிருக்கவே இல்லை. வயிற்றின் அந்தத் துண்டை மட்டும் எடுத்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும் என்று அர்த்தம். அப்புறம் நாய்களின் இரைப்பையை வெட்டித் தைத்துப் பார்த்தார்கள், ஒட்டுகிறதா, ஒழுகுகிறதா என்று. அதற்கெல்லாம் பிறகுதான் 1881 ஜனவரியில் 43 வயதுப் பெண் ஒருவருக்கு பில்ராத் இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டுக் குடலோடு இணைத்தார். அவர் சாப்பிட்டார், நடமாடினார். சுமார் நாலு மாதத்தில் நோய் பரவி இறந்தார். திறந்து பார்த்தார்கள். தையல் போட்ட இடம் நன்றாகக் கூடியிருந்தது. சாவுக்குக் காரணம் அறுவை அல்ல, புற்று என்று தெளிவானது. அந்த அறுவையைத் தொடரலாமா, கைவிடலாமா என்ற கேள்விக்கு வேறு எந்த வழியிலும் பதில் கிடைத்திருக்காது. கார்பாலிக் அந்தப் பதிலைச் சொல்லாது.

பழுப்புப்பக்கம்:

கேட்டது கிடைத்தது. வெசாலியஸுக்கும் ஈதருக்கும் நடுவே ஒன்றுமே நடக்கவில்லை என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் சிஸ்டர் எழுப்பியதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. 1832 சட்டம், உரிமை கோராத உடல்கள், இன்றைக்கு உடல் தானம் வரை தனி இழை தொடங்குகிறேன். அவரே முதல் பதிவு போட்டால் நன்றாக இருக்கும்.

ஒத்தையடிப்பாதை:

லிஸ்டருக்கும் ஒரு தனி இழை போடுங்கள். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலாண்டு_மாணவன்:

தையல்நூல் சார், வயிறு எப்போது தொடங்குவார்கள் என்று மேடத்திடம் கேட்டேன். அடுத்த மாதமாம். அதுவரை தொடையில் அந்தக் கிளைகளைத் தேடிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். முழங்காலைச் சுற்றி எங்கே பிடித்தால் சுலபமாகத் தெரியும்?

தையல்நூல்:

தொடைத் தமனி சுரங்கத்தை விட்டுப் பின்பக்கம் போகுமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக ஒன்று கிளம்பி முழங்காலுக்கு இறங்கும். அதைப் பிடித்துக்கொண்டு கீழே போங்கள். கத்தி வேண்டாம், ஃபோர்செப்ஸால் பிரியுங்கள். அவசரப்பட்டால் அறுந்துவிடும்.